ஓராண்டு ஆட்டங்களை ஒரு மணி நேரத்தில் அடக்குவது எப்படி?

ஆண்டு இறுதி விளையாட்டுக் கண்ணோட்டம் டிசம்பரில் செய்கிற வேலை என்று இருப்பவர்களுக்கு டிசம்பரில் தூக்கம் கிடையாது. வன்தட்டில் ஐம்பது ஆட்டங்களின் வர்ணனை கிடக்கும். எந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் நல்ல கோல் விழுந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் இருபது வினாடித் துண்டைத் தேட, தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். ஆகவே இந்த நிகழ்ச்சியின் பாதி வேலை ஆட்ட நாளிலேயே, திடலிலேயே முடிந்துவிட வேண்டும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ காற்பந்து, பூப்பந்து, தமிழ்ப்பள்ளிப் போட்டிகளுக்குத் தமிழில் வர்ணனை செய்து இணையத்தில் வெளியிடும் சிறு குழுக்களுக்கான வழிமுறை இது.

முதலில் குறிப்பேடு. ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரத்தைக் கைபேசி நேரத்தோடு வினாடி சுத்தமாகப் பொருத்திக்கொள்ளுங்கள். குறிப்பில் ஆட்ட நிமிடத்தை மட்டும் எழுதினால் போதாது, கடிகார நேரமும் வேண்டும். காரணம் மழை. செராஸிலும் சரி, ஜார்ஜ்டவுனிலும் சரி, சாயங்காலம் இடி மின்னல் வந்தால் ஆட்டம் அரை மணி, முக்கால் மணி நிற்கும். பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கியிருப்பீர்கள், கோப்பு இரண்டாகியிருக்கும். அதன் பிறகு ‘61வது நிமிடம்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு கோப்பில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடிகார நேரம் இருந்தால் கோப்பு தொடங்கிய நேரத்தைக் கழித்து நேராக அந்த இடத்துக்கே போகலாம். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்:

20.46.10 / 31வது நிமிடம் / 0-1 / 9ஆம் எண் / இடப்பக்க கிராஸ், தலையால் முட்டி கோல் / அ

கடைசி எழுத்து தரம். ‘அ’ என்றால் ஆண்டு இறுதிக்கு நிச்சயம், ‘ஆ’ என்றால் பார்க்கலாம், ‘இ’ வெறும் தகவல். ஓர் ஆட்டத்துக்கு மூன்று ‘அ’வுக்கு மேல் கொடுக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ‘அ’ போட்டால் தரம் பிரித்ததே வீண். வர்ணனை செய்பவரால் இதை எழுத முடியாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் கருவியில் உள்ள, அந்த நொடியைக் குறித்து வைக்கும் மார்க்கர் பொத்தானை அழுத்தி வையுங்கள், ஆட்டம் முடிந்ததும், மாமாக் கடைக்குப் போவதற்கு முன், அந்த இடங்களுக்கு ஒவ்வொரு வரி எழுதிவிடுங்கள். ‘நாளைக்கு எழுதலாம்’ என்று விட்ட குறிப்பு எழுதப்படுவதே இல்லை.

ஒலிப்பதிவில் மிக முக்கியமானது இரண்டு தடம்: ஒன்றில் வர்ணனை மட்டும், இன்னொன்றில் கூட்டத்தின் சத்தம் மட்டும். இரண்டும் ஒரே தடத்தில் கலந்துவிட்டால் பிறகு சுத்தமாகப் பிரிப்பது கடினம். தவறாக உச்சரித்த பெயரை மாற்றிப் பேசக்கூட முடியாது, ஏனென்றால் பின்னணி திடீரென்று அறுந்துபோகும். ஹெட்செட் மைக் வாய்க்கு நேரே இருக்கக்கூடாது. உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். ‘பந்து’, ‘பினாங்கு’, ‘பெனால்டி’ என்று நம் வர்ணனை முழுக்க பகரம்தான், நேரே வைத்தால் ஒவ்வொன்றும் குண்டு வெடித்த மாதிரி விழும். ஒலி அளவைச் சாதாரணப் பேச்சில் மைனஸ் 18 டெசிபல் அருகே வைத்துக்கொள்ளுங்கள், கோல் கத்தல் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருக்கட்டும். உச்சத்தில் நசுங்கிய சத்தத்தை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது, ஆண்டின் சிறந்த தருணங்கள் எல்லாமே உச்சத்தில் வருபவைதான்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் இரண்டு தடமும் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. ஆட்டத்துக்கு இரண்டு மணி என்று வைத்தாலும் ஐம்பது ஆட்டம் ஏறக்குறைய 100 ஜிபியில் அடங்கிவிடும். இடம் போதவில்லை என்று அழிப்பதற்குக் காரணமே இல்லை. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும்: 20250614 என்பது போல. தானாகவே வரிசைப்படும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில்.

காணொளியும் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைபேசி கேமராக்கள் பல வினாடிக்கு 30 அல்லது 60 சட்டகத்தில்தான் (ஃபிரேம்) தொடங்கும். திடல் விளக்கொளியில் அப்படி எடுத்தால் படத்தில் கோடுகள் ஓடும் அல்லது வெளிச்சம் துடிக்கும். 25 அல்லது 50 சட்டகத்துக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே திடலுக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்துப் பயனில்லை, இருபது நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

இனி டிசம்பர். முதல் சிக்கல், ‘ஆண்டு’ என்றால் எது? பூப்பந்துக்குப் பிரச்சினையில்லை, மலேசியப் பொது பூப்பந்து ஜனவரியில் புக்கிட் ஜாலிலில் தொடங்கி வைத்துவிடும். காற்பந்து அப்படியில்லை. மலேசிய லீக்கின் 2025/26 பருவம் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் போனது. டிசம்பர் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் குழுவை வெற்றியாளர் போலப் பேசினால் நேயர்கள் விடமாட்டார்கள். ‘டிசம்பர் 15 நிலவரப்படி’ என்று தேதி சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, மாதவாரியாக அடுக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி என்று போகும் நிகழ்ச்சியில் மார்ச் வருவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். நான்கைந்து இழைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கடைசி நிமிடத்தில் புரண்ட ஆட்டங்கள், முதல்முறை களமிறங்கிய இளையோர், மழை கெடுத்த நாள்கள், நோன்பு மாதத்தில் இரவு பத்து மணிக்குத் தள்ளிப்போன ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ‘அ’ தரத் துண்டுகள் நான்கு. ஒரு துண்டு 12 முதல் 25 வினாடி. கணக்குப் பாருங்கள்: ஐந்து இழைக்கு இருபது துண்டும் சேர்ந்து ஒன்பது நிமிடத்துக்குள்தான் வரும். மீதி நேரம் உங்கள் பேச்சும் நேர்காணலும். எழுத்து வேலை எவ்வளவு என்பது அப்போதுதான் புரியும்.

துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது கத்தலைப் பார்த்து மயங்க வேண்டாம். 2016 பிப்ரவரி 16 அன்று பினாங்கு மாநகர் அரங்கத்தில் பகாங்குக்கு எதிராக ஃபாயிஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், ஃபிஃபாவின் புஷ்காஸ் விருது வரை போனது. படமாகப் பார்த்தால் விளக்கமே வேண்டாம். பந்து காற்றிலேயே திசை மாறுகிறது. அதையே ஒலியில் மட்டும் கேட்பவருக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தார், பந்து எந்தப் பக்கம் போவது போல் போய் எந்தப் பக்கம் திரும்பியது, கோல்காவலர் எங்கே நின்றார் என்ற மூன்றும் வர்ணனையில் இல்லையென்றால் ‘கோல்’ என்ற சத்தத்தில் ஒன்றும் இல்லை. அந்த மூன்றும் உள்ள சுமாரான கோல், அவை இல்லாத அற்புதமான கோலைவிட நல்ல துண்டு.

வெட்டும்போது முதல் சொல்லுக்கு முன் இரண்டு வினாடி, கடைசிச் சொல்லுக்குப் பின் நான்கு வினாடி கூட்டச் சத்தம் விட்டு வையுங்கள். பள்ளித் திடல் பதிவுகளில் இரண்டு தொல்லை வரும். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் யூடியூபில் காப்புரிமை உரிமைகோரல் வந்து நிற்கும். பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்கொலி பின்னணியில் இருந்தால் அதை நடுவில் அறுத்து ஒட்டாதீர்கள். வேறு துண்டு எடுங்கள்.

பயிற்றுநர்கள் பெரும்பாலும் மலாயில்தான் பேசுவார்கள். முதல் மூன்று வினாடி அவர் குரல் முழுசாக வரட்டும். பிறகு 15 முதல் 18 டெசிபல் இறக்கித் தமிழ்க்குரலை ஏற்றுங்கள், கடைசி இரண்டு வினாடி மறுபடி அவர் குரல். முழுவதையும் தமிழால் மூடினால் யாரோ எழுதி வாசித்த மாதிரி இருக்கும்.

பெயரில் கை வைக்கும்போது கவனம். மலாய்ப் பெயரில் ‘பின்’னுக்குப் பின்னால் வருவது அப்பா பெயர்; அதைச் சொல்லி ஆட்டக்காரரைக் கூப்பிடக்கூடாது. சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால் நிற்கும். சந்தேகம் என்றால் ஆட்டக்காரரிடமே கேட்டுக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், மூன்று வினாடி வேலை.

‘முதல்முறை’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுச் சரிபாருங்கள். 2025-இல் பாரிசில் சென் தாங் ஜீ, தோ ஈ வேய் இணை வென்றது பூப்பந்தில் மலேசியாவின் முதல் உலக வாகையர் பட்டம் என்று எழுதினால் தவறு. 2022-இல் தோக்கியோவில் ஆண்கள் இரட்டையரில் ஆரோன் சியா, சோ வூய் யிக் இணை வென்றுவிட்டது. கலப்பு இரட்டையரில் முதல் என்றால் சரி. ஒரு சொல் விட்டுப்போனால் போதும், கருத்துப் பகுதி நிறைந்துவிடும்.

உரிமை விஷயம் சுருக்கமாக: நீங்கள் பேசிய வர்ணனை உங்களுடையது, தொலைக்காட்சியில் ஓடிய காட்சி உங்களுடையதல்ல. பத்து வினாடிதானே என்ற சமாதானம் செல்லாது. பள்ளிப் பிள்ளைகளின் குரலோ முகமோ வந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தைப் போட்டி நாளிலேயே வாங்கிவிடுங்கள். டிசம்பர் விடுமுறையில் யாரையும் பிடிக்க முடியாது.

2025 போல சீ விளையாட்டு (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) டிசம்பரில் வந்தால், மற்ற எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே பூட்டிவிட்டு நான்கு நிமிட இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அந்த இடம் நடுவில் வேண்டாம், கடைசி இழைக்கு முன்னால் இருக்கட்டும். அப்போதுதான் நீளம் கூடினாலும் குறைந்தாலும் முன்னால் உள்ளது அசையாது. முழுசாகச் சேர்த்த பிறகு இணையத்துக்கு மைனஸ் 16 லஃப்ஸ் (மொத்த ஒலி உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று ஒலியைச் சமன் செய்து, ஸ்டூடியோ ஸ்பீக்கரில் அல்லாமல் ஓடுகிற காரிலும் கைபேசியிலும் ஒருமுறை கேளுங்கள். காரில் உங்கள் பேச்சு அமுங்கிப்போனால் கூட்டத் தடத்தை 3 டெசிபல் இறக்குங்கள். பெயர் தவறியிருந்தால் அந்த வாக்கியத்தை மட்டும் அதே மைக்கில், அதே அறையில், அதே தூரத்தில் உட்கார்ந்து மறுபடி பேசி ஒட்டுங்கள்.