முயலுக்கு வலி இருப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன டிசம்பரில் உறைபனி விழுந்த ஒரு காலை. எங்கள் சோவியத் சின்சில்லா முயல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கொடைக்கானல் குளிர்தானே என்று சாக்கைப் போர்த்திவிட்டுப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால், வைத்த புல் வைத்தபடியே கிடந்தது. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்ததை மருத்துவர்தான் கண்டுபிடித்தார். அந்தப் பகல் முழுவதையும் அது வலியோடு கழித்திருக்கிறது.

முயல் வலியை மறைக்கும். நாம்தான் தேட வேண்டும்.

முதலில் புழுக்கை. கூண்டில் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்துவிடுங்கள். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ துணியில் உடனே தெரியும்.

அடுத்து முகம். எட்ட நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். 2012-இல் ஆய்வாளர்கள் வகுத்த, முகத்தை வைத்து முயலின் வலியைக் கணிக்கும் அளவுகோல் கண், கன்னம், மூக்கு, மீசை, காது ஆகிய ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. கண் இடுங்கி, கன்னம் ஒட்டி, காது பின்னால் மடங்கியிருந்தால் வலி என்று சந்தேகப்படுங்கள்.

நான் தவறியது இங்கேதான், வலியைக் குளிர் என்று நினைத்துவிட்டேன். உலர்ந்த, காற்றடிக்காத கூண்டில் இருக்கும் நலமான முயல் குளிரை நன்றாகத் தாங்கும். வெயில்தான் அதற்கு ஆகாது. காது சில்லிட்டிருப்பதும் தனியாக எதையும் சொல்லாது, குளிரில் அங்கே ரத்தக்குழாய்கள் சுருங்கும். எனவே ஒரு கொத்தமல்லித் தழையை நீட்டுங்கள். குளிருக்கு ஒடுங்கிய முயல் எழுந்து வரும். வலியில் இருப்பது பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அல்லது வாயில் வைத்துவிட்டுக் கீழே போடும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். தடவும்போது பல்லை மெல்ல உரசினால் சுகம். தனியே இருக்கும்போது நறநறவென்று கடித்தால் வலி.

காலைச் சோதிக்கத் தரையில் உட்கார்ந்து மடியில் வையுங்கள். அந்தரத்தில் தூக்கினால் உதைத்துக்கொண்டு முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து சிவந்திருந்தால் கம்பித்தரையை உடனே மாற்றுங்கள்.

புதியவர்களுக்கு வெப்பமானி வேண்டாம் என்பேன், ஆசனவாயில் செருகும்போது காயம் படலாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். எடை குறைகிறதா என்று தெரிய, வாரம் இருமுறை அதைக் குறித்து வையுங்கள்.

12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாம் விழுங்கும் வலி மாத்திரையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: சிறுநீர் சிவப்பாக இருக்கிறதே, ரத்தமா என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பீட்ரூட், கேரட் போன்றவற்றின் நிறமிகளாலும் அப்படிப் போகும். ஒரு நாள் அவற்றை நிறுத்திப் பாருங்கள். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் மட்டும் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.