செய்தியோடு வந்த படத்தின் மூலத்தைக் கண்டறிவது எப்படி?

பொய்ச் செய்திக்குத் துணையாக வரும் படம் பல நேரங்களில் உண்மையான படமாகவே இருக்கும்; என்றோ எங்கோ எடுத்த அதற்கு இன்றைய தேதியும் வேறோர் ஊரின் பெயரும் சூட்டப்பட்டிருக்கும். ஆகவே, படம் முதன்முதலில் எங்கே, எப்போது வெளியானது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், படத்தைச் சேமித்து, படத்தைக் கொண்டே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் தேடுங்கள். முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தித் தருவதால் எனக்கு டின்ஐதான் பிடிக்கும். ஆனால், அது காட்டும் தேதி அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட நாளே தவிர, படம் எடுக்கப்பட்ட நாள் அன்று.

அடுத்த படியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முழுப் படத்தையும் தேடினால், அதே பொய்யைப் பகிர்ந்த பக்கங்களே வரிசையாக வந்து நிற்கும். அத்தனை பேர் பகிர்ந்திருப்பதே ஆதாரம்போலத் தோன்றிவிடும். வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படத்தைப் பாருங்கள். 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோ என்றும், 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் என்றும் அது பரவியது. சாலையையும் காரையும் வெட்டிவிட்டுச் சுறாவை மட்டும் தேடினால், தென்னாப்பிரிக்கக் கடலில் சிறு படகில் செல்பவரின் பின்னால் வெள்ளைச் சுறா வரும் பழைய படம் கிடைக்கும். அதிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதே இந்தச் சுறா. எனவே, படத்தில் செய்தியைத் தாங்கி நிற்கும் பகுதியை மட்டும் வெட்டித் தேடுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால், இடவலமாகத் திருப்பியும் தேடுங்கள்.

மூலப் பக்கம் கிடைத்ததும் படக்குறிப்பை முழுமையாகப் படியுங்கள். ராய்ட்டர்ஸ், ஏஎப்பி போன்ற செய்தி முகமைகளின் குறிப்பில் இடமும் நாளும் பெரும்பாலும் இருக்கும். பிறகு அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். நாளை அது நீக்கப்பட்டாலும் சான்று கையில் இருக்கும்.

பின்சேர்க்கை: படக்கோப்பின் உள்விவரங்களை (எடுத்த நாள், இடம் போன்றவை) பார்த்தால் போதாதா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே அவை நீங்கிவிடுவதால், பெரும்பாலும் பயன்படாது. காணொளியாக இருந்தால், இன்விட் (InVID) என்னும் உலாவி நீட்சியால் அதைத் தனித்தனிச் சட்டகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இதே முறையில் தேடலாம். எந்தத் தேடலிலும் எதுவும் சிக்காத படம் புதியதாகவும் இருக்கலாம், செயற்கை நுண்ணறிவு வரைந்ததாகவும் இருக்கலாம். அத்தகைய படத்தை வெளியிட்டே ஆக வேண்டுமென்றால், ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்பதைக் கட்டுரையின் அடியில் அல்லாமல், படத்துக்கு நேர் கீழேயே எழுதுங்கள்.