சென்னையிலிருந்து கடலடி கேபிள் திறன் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சென்னையையும் சிங்கப்பூரையும் 2002இல் ஐ2ஐ என்ற கடலடி கேபிள் இணைத்தது. 2004இல் டாடா இண்டிகாம் கேபிள் வந்தது. அடுத்த ஆண்டு, சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பா வரை செல்லும் சீ-மீ-வீ 4 கேபிள். இன்று 100 ஜிகாபிட் இணைப்பு கேட்டால் பல நிறுவனங்கள் விலை சொல்லும். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கியதாலேயே இரண்டு தனிப்பாதை கிடைத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

விலை பேசுவதற்கு முன், டேட்டா சென்டர் வாசலிலிருந்து மறுகரை வரை முழுப் பாதையையும் கே.எம்.இசட். கோப்பாக (வரைபடத்தில் திறந்து பார்க்கக்கூடிய கோப்பு) கேளுங்கள். இரண்டு கோப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தரைப் பகுதியில்தான் பெரும்பாலும் குட்டு வெளிப்படும்: இருவரும் ஒரே குழாயில் வாடகைக்கு ஒளியிழை எடுத்திருப்பார்கள். சாலை தோண்டும் ஒரு ஜேசிபி போதும், இரண்டும் போய்விடும். கேபிள் கரையேறும் கடற்கரை மேன்ஹோலும், அது போய்ச் சேரும் தரையிறங்கு நிலையமும் வேறு வேறுதானா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது கடல். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலையும் நங்கூரமும். சிங்கப்பூர் செல்லும் கேபிள்கள் ஆழம் குறைந்த, கப்பல் நெரிசல் மிகுந்த மலாக்கா நீரிணையில் ஒன்றாக நெருங்குகின்றன. அதனால் இரண்டாவது பாதையை மும்பை வழியாக மேற்கே எடுப்பது நல்லது. அங்கும் செங்கடலும் எகிப்தும் குறுகிய வாசல்கள்தான். 2008 ஜனவரியில் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்களும் ஒரே நாளில் அறுந்தன. 2024 பிப்ரவரியில் செங்கடலில் மூன்று கேபிள்கள் அறுந்தன. ஆகவே மேற்கே இரண்டு எடுப்பதைவிட கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்பதே என் பரிந்துரை.

தாமதத்தை, அதாவது தரவு போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தை, நீங்களே கணக்கிடலாம். 100 கி.மீ. இழைக்குப் போய்வர 1 மில்லி நொடி. சென்னை–சிங்கப்பூர் சுமார் 3,200 கி.மீ., ஆக 32 மில்லி நொடி. நிறுவனம் 45 என்று எழுதியிருந்தால் பாதை எங்கோ சுற்றுகிறது. எங்கே என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஐ.ஆர்.யு. என்பது மொத்தமாகப் பணம் கட்டி, பெரும்பாலும் 15 ஆண்டுக்கு உரிமை பெறுவது; ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி. ஒரு ஜிகாபிட்டின் விலை காலப்போக்கில் இறங்கியே வந்திருக்கிறது. எனவே நிலையான அடிப்படைத் தேவைக்கு மட்டும் ஐ.ஆர்.யு. எடுங்கள், வளரும் பகுதிக்கு 1 முதல் 3 ஆண்டு வாடகை போதும். கேபிளின் வடிவமைப்பு ஆயுள் 25 ஆண்டு. 2005இல் இயங்கத் தொடங்கிய கேபிளில் இன்று 15 ஆண்டு உரிமை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதுதான். கேபிள் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் வேறு கேபிளுக்கு மாற்றித் தரும் விதி கட்டாயம் இருக்கட்டும். கடலில் அறுந்தால் இழப்பீடு உண்டா என்பதையும் பாருங்கள். பல ஒப்பந்தங்கள் அதை விலக்கிவிடும்.

கப்பல், அனுமதி, வானிலை எல்லாம் கூடிவரப் பழுதுநீக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை மற்ற இணைப்பே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே இரண்டு 100 ஜி (ஜிகாபிட்) இணைப்புகள் இருந்தால், உச்ச நேரத்தில் மொத்தப் போக்குவரத்து 80 ஜிக்குள் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிகாலை 3 மணிக்கு ஒரு பக்கத்து பி.ஜி.பி. இணைப்பை (வலையமைப்புகள் பாதைத் தகவலைப் பரிமாறும் இணைப்பு) நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திறனை உயர்த்திவிட்டு மறுபக்கத்தை மறந்திருந்தால் அங்கே பாக்கெட் இழப்பு (தரவுத் துண்டுகள் வழியில் தொலைவது) உடனே தெரியும்.