அவுட்டான பிள்ளை எங்கே உட்காரும்?

சமூகக் கூடங்களிலும் விடுமுறை முகாம்களிலும் விளையாட்டு நடத்த வரும் புதியவர்களை அருகில் நின்று கவனிப்பதும் என் வேலைதான். என் தொடக்ககாலக் கோளாறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். விசிலை மறப்பது, முதலுதவிப் பெட்டியை விட்டுவிட்டு வருவது போன்றவை தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பந்தைக் கொடுத்துவிட்டு விதி சொல்வது

பந்து கைக்கு வந்த பிறகு காது வேலை செய்யாது.

ஆளை வெளியேற்றும் ஆட்டங்கள்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. 20 பிள்ளைகளை வைத்து மியூசிக்கல் சேர் நடத்தினால் மொத்தம் 19 சுற்று. முதலில் அவுட்டாகும் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே சுற்று. மீதி 18 சுற்றும் சுவரோரம். சராசரி போட்டுப் பார்த்தால் ஆளுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் ஆடியிருப்பார்கள். அந்த முதல் ஆள் பெரும்பாலும் யார்? மெதுவாக ஓடுபவன், கூச்சப்படுபவள், நேற்றுதான் வந்து சேர்ந்தவள். யாரை ஆட வைக்க நம்மை அழைத்தார்களோ, அவர்களைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம்.

நடத்துபவருக்கோ இது சுகம். கூட்டம் தானாகக் குறைகிறது, கடைசியில் ஒரு வெற்றியாளர், கைதட்டல். அப்படியொரு பந்தடி ஆட்டத்தை நடத்திய இளைஞர், "இந்தப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமே இல்லை" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். களத்தில் ஒரு வம்பும் இல்லை. அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் அவரே வெளியே உட்கார வைத்தவர்கள். சும்மா இருக்கும் கை பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியைத் தேடிப் போகாதா?

1992ஆம் ஆண்டிலேயே நீல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உடற்கல்வியாளர், வெட்கப்பட வேண்டிய ஆட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். மியூசிக்கல் சேரும், ஆளைக் குறிபார்த்துப் பந்தெறியும் ஆட்டமும் அதில் இருந்தன. இத்தனை காலம் கழித்தும் முகாமின் முதல் நாள் இவைதான் வெளியே வருகின்றன.

ஆட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. நாற்காலி குறையட்டும், ஆள் குறைய வேண்டாம்: மிஞ்சிய இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு இடம்பிடிக்க வேண்டும் என்று விதியை மாற்றுங்கள். நாற்காலிக்குப் பதிலாகத் தரையில் வளையங்களைப் போட்டு, கால் வைத்தால் போதும் என்றால், சாய்ந்து விழும் பயமும் இல்லை. பந்தடியில் அடிபட்டவர் எதிரணிக்குப் போகட்டும். வெளியே போயே ஆக வேண்டுமென்றால், பத்துக் குதி குதித்துவிட்டு உடனே திரும்பலாம்.

முதியோர் குழுவில் இதே தவறு இன்னும் மோசம். அவர்கள் சண்டை போடமாட்டார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு கேப்டன்களை வைத்து ஆள் பிரிப்பது

வேண்டவே வேண்டாம்.

வெயிலை முதுகில் வாங்கி நின்று பேசுவது

எதிரே இருக்கும் அத்தனை பேருக்கும் கண் கூசும். திரும்பி நில்லுங்கள், கூசினால் உங்கள் கண் மட்டும் கூசட்டும்.

முகம் தெரிந்தவர் என்று பிள்ளையை அனுப்பிவிடுவது

பெற்றோர் எழுதித் தந்த பட்டியலில் பெயர் இருந்தால் மட்டுமே அனுப்புங்கள். வந்தவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும், பிள்ளை ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாலும், முதலில் வீட்டுக்கு ஒரு போன்.