ரசிகர் புனைவில் தேவதைக் கதைக் காதல்: எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

சாபம் தீரும், காதலர் சேர்வர் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இருந்தும் தேவதைக் கதையைத் தழுவிய ரசிகர் புனைவை, அதாவது பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதையை, வாசகர்கள் தேடித் தேடிப் படிக்கிறார்கள். தாங்கள் ஏற்கெனவே நேசிக்கும் இருவர் அந்தச் சோதனைக்குள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பார்க்கும் ஆவல்தான் காரணம்.

பலர் அரண்மனை, நடன விருந்து, கண்ணாடிக் காலணி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். நள்ளிரவுக் கெடு வருகிறது. ஆனால் அதைத் தவறவிட்டால் யாருக்கும் எதுவும் பறிபோவதில்லை. அப்போது மிஞ்சுவது உடை வர்ணனை மட்டுமே. எழுதத் தொடங்கும்போதே, சாபம் எதைத் தடுக்கிறது, அதை மீற என்ன விலை என்று முடிவுசெய்துவிடுங்கள்.

அழகியும் மிருகமும் கதையில்தான் மிகப் பெரிய பிழை நேர்கிறது. 1756-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பொமோன் சுருக்கி எழுதிய வடிவத்தில், மிருகம் இரவு உணவின்போது தன்னை மணக்கச் சம்மதமா என்று அழகியிடம் மீண்டும் மீண்டும் கேட்கிறது. அவள் மறுக்கிறாள், அந்த மறுப்பை அது ஏற்றுக்கொள்கிறது. கட்டாயப்படுத்தும் வலிமை உள்ள ஒருவன் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான் என்பதே அந்தக் காதலின் உயிர். இதை நீக்கிவிட்டுச் சிறையையும் சீற்றத்தையும் மட்டும் வைத்து, கொடுமைக்குக் காதல் மருந்து என்று எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. நாயகி 'இல்லை' என்று சொல்லவும், அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கிடைக்கவும் கதையில் இடம் வேண்டும்.

அடுத்தது, பாத்திரத்தை வேடத்துக்காக வளைப்பது. நீங்கள் பாத்திரத்தை எடுத்த மூலக்கதையில் வெடுக்கென்று பேசும் போராளி, தேவதைக் கதைக்குள் வந்ததும் கோபுரத்தில் மௌனமாகக் காத்திருக்கிறாள். அவளை நேசித்து வந்த வாசகர் அங்கேயே விலகிவிடுவார். தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் இயல்புள்ளவரைக் கோபுரத்தில் வைத்துப் பாருங்கள். அது நாயகனாகவும் இருக்கலாம்.

பரவலாகத் தெரிந்த ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பாதி வளைப்பு நேர்கிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் இளவரசி தவளைக்கு முத்தம் கொடுப்பதில்லை. கோபத்தில் சுவரில் வீசியடிக்கிறாள், அது இளவரசனாகிறது. முன்கோபக்கார நாயகிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது? 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய உறங்கும் அழகி கதையிலோ இளவரசன் அருகில் மண்டியிடும்போது சாபக்காலம் முடிந்து அவள் தானாக விழிக்கிறாள். உறங்குபவளை முத்தமிடும் காட்சியில் சம்மதம் பற்றிய நெருடல் உள்ளவர்களுக்கு இங்கே வழி இருக்கிறது.

முக்கோணக் காதலில் தங்களுக்குப் பிடிக்காத மூன்றாமவரைச் சூனியக்காரியாக்கும் பழக்கமும் வேண்டாம். அதில் தெரிவது எழுதுபவரின் வன்மம் மட்டுமே. பழங்கதை பொதுச் சொத்து என்றாலும், அண்மைத் திரைப்படங்கள் சேர்த்த பெயர்களுக்கும் பாடல்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

சாபம் தீர்ந்த அதே வரியில் பலர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். 1740-இல் பிரெஞ்சு எழுத்தாளர் வில்நெவ் எழுதிய, பொமோன் பின்னர் சுருக்கிய அழகியும் மிருகமும் கதை, மிருகம் மனிதனான பிறகும் நீள்கிறது. இளவரசனின் தாய் வணிகன் மகளை மருமகளாக ஏற்கத் தயங்குகிறாள். மந்திரம் விலகிய மறுநாள் காலை உங்கள் இருவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள், முதலில் யார் பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு காட்சியாவது ஒதுக்குங்கள்.