நடுவரால் எதுவரை போக முடியும்? ஒப்பந்தத் தகராறுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

வணிக ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம், போக வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கும். கையெழுத்துப் போடும்போது அதை யாரும் சரியாகப் படிப்பதில்லை. பில் தொகை நின்றுபோன பிறகுதான் ஃபைலைப் புரட்டித் தேடுகிறார்கள்.

அந்த நேரத்தில் பலருக்கும் வருகிற பெரிய தப்பு நினைப்பு, நடுவர் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் மாதிரி இரண்டு பக்கத்தையும் பார்த்து ஏதோ நியாயமாகச் செய்துகொடுப்பார் என்பது. இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டம் அதற்கு இடம் தருகிறது, ஆனால் இரு தரப்பும் வெளிப்படையாக அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தால் மட்டும் (பிரிவு 28). மற்றபடி சட்டத்தையும் ஒப்பந்த ஷரத்துகளையும் வைத்துத்தான் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

தூத்துக்குடி துறைமுக வழக்கு இதற்கு நல்ல பாடம். அங்கே ஒரு கன்டெய்னர் முனையத்தை நடத்த பி.எஸ்.ஏ. சிகால் நிறுவனம் 1998-இல் ஒப்பந்தம் போட்டது. கன்டெய்னர் கணக்கில் துறைமுகத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பிற்பாடு துறைமுகங்களில் வருவாய்ப் பங்கு முறை வந்தது. தங்களையும் அந்த முறைக்கு மாற்ற வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. நடுவர் தீர்ப்பாயமும் 2014-இல் அப்படியே உத்தரவிட்டது. மாவட்ட நீதிமன்றம் அதில் கை வைக்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மறு தரப்பு சம்மதிக்காத ஒரு புது ஒப்பந்தத்தை நடுவர் எழுதித் தர முடியாது என்பதுதான் காரணம். பல வருட வழக்கு, ஜெயித்த அவார்டு (நடுவர் தரும் தீர்ப்பு), எல்லாம் வீண். உங்கள் கோரிக்கை மனுவில் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது எந்த ஷரத்தின்படி, அல்லது எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இனம் எதுவோ, அதுதான் பின்னால் உதைக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: அரசு வேலை ஒப்பந்தங்களில், 'இந்த விஷயத்தில் இன்ஜினியரின் முடிவே இறுதி' என்று சிலவற்றை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அப்படி ஒதுக்கியதை நடுவரிடம் கொண்டுபோனால் அவருக்கு அதில் அதிகாரமே இருக்காது. வட்டியும் இப்படித்தான். ஒப்பந்தம் வட்டி கிடையாது என்று சொல்லியிருந்தால், அவார்டு தேதி வரைக்குமான வட்டியை நடுவர் தர முடியாது. அதற்குப் பிந்தைய வட்டி வேறு கணக்கு.

எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் செய்யும் தவறு நேரம் தவறுவது. 'இந்த நடுவருக்கு அதிகாரமில்லை' என்ற ஆட்சேபத்தை எதிர்வாதம் தாக்கல் செய்யும்போதாவது எழுப்பிவிட வேண்டும் என்கிறது பிரிவு 16. அதை முடிவு செய்பவரும் அதே நடுவர்தான். அவர் தள்ளிவிட்டால் உடனே நீதிமன்றத்துக்கு ஓடி அப்பீல் போட வழியில்லை. அவார்டு வந்த பிறகு, அதை எதிர்க்கும் மனுவில் சொல்லிக்கொள்ளலாம். அதிகாரமில்லை என்று கோபித்துக்கொண்டு விசாரணைக்கே போகாமல் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் இல்லாமலேயே விசாரணை நடந்து முடிந்துவிடும்.

சரி, நடுவரை யார் நியமிப்பது? எங்கள் நிர்வாக இயக்குநர் சொல்பவரே நடுவர் என்ற பழைய மாதிரி ஷரத்தை இன்னும் காப்பி அடித்துப் போடுகிறார்கள். ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை நியமிக்கும் ஷரத்து 2019-இலிருந்தே செல்லுபடியாகாத நிலைக்கு வந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அதே கதிதான் என்று சொல்லிவிட்டது.

நடுவரைக் குறைத்து எடைபோடுவதும் ஆபத்து. 2015 திருத்தத்துக்குப் பிறகு அவர் போடும் இடைக்கால உத்தரவு நீதிமன்ற உத்தரவைப் போலவே அமல்படுத்தக்கூடியது. விற்கக் கூடாது என்று அவர் உத்தரவிட்ட சரக்கை, 'இவர் என்ன கோர்ட்டா' என்று விற்றுவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் வர மறுக்கும் வெளிச் சாட்சியை அவரே இழுத்து வர முடியாது. பிரிவு 27-இன்படி நீதிமன்ற உதவியைக் கேட்க வேண்டும்.

அவார்டு கைக்கு வந்த பிறகு, அதை எதிர்க்கும் மனுவை அப்பீல் மாதிரி நினைத்து முழு வழக்கையும் மறுபடி வாதாடலாம் என்று நம்ப வேண்டாம். பிரிவு 34-இல் ரத்து செய்வதற்கான காரணங்கள் குறைவு. சென்னையிலிருந்து போன காயத்ரி பாலசாமி வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவார்டைத் திருத்தவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது; அதுவும் மிகக் குறுகிய எல்லைக்குள்தான். மனு போடக் கெடு, அவார்டின் கையெழுத்திட்ட பிரதி கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அப்புறம் ஒரு நாள்கூடக் கிடையாது. மனு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. தடை உத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும். பண அவார்டு என்றால் தொகையை டெபாசிட் செய்யச் சொல்வார்கள் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள்.