பருவுக்குச் சத்து மாத்திரை கேட்டு வருபவர்களுக்கு

களியக்காவிளையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் "அக்கா" என்பார்கள், பாறசாலைப் பிள்ளைகள் "சேச்சி" என்பார்கள். கேட்பது ஒன்றுதான்: பருவுக்கு நல்ல சத்து மாத்திரை.

எடுத்துக் கொடுக்கும் முன், இப்போது என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிப்பேன். ஜிம்முக்குப் போகும் பையன் பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடியைக் கலக்கிக் குடிப்பான். சிலருக்கு அதுவே பருவைக் கிளப்பிவிடும். அதிக அளவு பி12 மாத்திரை, ஊசியும் அப்படித்தான். புரோட்டீனைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். பி12 குறைவென்று டாக்டர் எழுதியதாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சரி, சேர்ப்பதென்றால் எதை? என்னைக் கேட்டால் சிங்க் (துத்தநாகம்) ஒன்றுதான் முயன்று பார்க்கத் தகுந்தது. ஆன்டிபயாட்டிக் அளவுக்கு வேலை செய்யாது. சிவந்து வீங்கும் பருவுக்கு ஓரளவு கேட்கும். ஸ்டிரிப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். சிங்க் குளுக்கோனேட் 200 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் சிங்க் சுமார் 30 மி.கி.தான். சிங்க் சல்பேட் 220 மி.கி. என்றால் 50 வந்துவிடும். 'எலிமென்டல்', அதாவது சுத்த சிங்க், என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. பருவுக்குப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் நாளுக்கு 30 மி.கி. அளவில் கொடுத்திருக்கிறார்கள். 40-ஐத் தாண்டுவதை டாக்டர் சொல்லாமல் செய்யக் கூடாது. மல்டிவைட்டமினிலும் சிங்க் இருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். இரும்பு மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். பருவுக்கே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவர்கள் அதற்கும் சிங்குக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும், இல்லையென்றால் மருந்து உடம்பில் சேராது. முதல் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைப் போட்டோ எடுத்து வைத்து, 8 வாரம், 12 வாரம் கழித்து அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி தினமும் ஒரு கதை சொல்லும். 12 வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதிக சிங்க் நெடுநாள் உள்ளே போனால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரை போகும். பூசும் மருந்தை மாத்திரைக்காக நிறுத்த வேண்டாம்.

மீன் எண்ணெய்க்கு ஆதாரம் மெலிவு. 1000 மி.கி. கேப்சூலில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி. அளவில்தான் இருக்கும். மீன் சாப்பிடுகிற வீடென்றால் அந்தக் காசுக்குக் குளச்சல் சாளை வாங்கிப் புளிமுளம் வையுங்கள்.

வைட்டமின் ஏ மட்டும் நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். அளவு கூடினால் ஈரலைக் கெடுக்கும், கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். கடும் பருவுக்கு டாக்டர் எழுதும் ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது. அதுவும் அதே குடும்பம்தான்.

கட்டி கட்டியாக வலித்துத் தழும்பு விழுந்தாலோ, பெண் பிள்ளைகளுக்குத் தாடையில் பருவோடு மாதவிலக்கும் தள்ளிப் போனாலோ, என் கடையைத் தாண்டி நேரே டாக்டரிடம் போங்கள். அங்கே தைராய்டு டெஸ்ட் எழுதினால், முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுவதை லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டலாம்.